காகிதத்தில் போட்ட நாற்பத்தாறு கல்

அந்த வார்டில் மூளைக்கு வரி போட்டால் நகராட்சிக்குச் சல்லிக்காசு தேறாது. வாய்க்கு வரி போட்டால் தெருவெல்லாம் பளிங்கு பதிக்கலாம். இது ஜெராக்ஸ் அக்காவின் தீர்ப்பு. பதினோரு வருஷமாக அந்த ஜனங்களின் காகிதங்களைக் கண்ணாடி மேல் கவிழ்த்து மூடி அமுக்கியவள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

கடை என்று சொல்வது கொஞ்சம் மரியாதைக்காக. ஒரு மெஷின், ஒரு ஸ்டூல், ஒரு பசை டப்பா, சுவர் முழுக்க அட்டைப்பெட்டி. அதற்குமேல் உள்ளே போக வேண்டுமென்றால் அக்கா மூச்சை உள்ளிழுக்க வேண்டும். மெஷினுக்கு வயசாகிவிட்டது. மழை நாளில் இருமும், காகிதத்தைக் கோணலாக இழுத்துக் கடித்துத் துப்பும். அப்படிக் கோணலாக வந்த நகலை அவள் தூக்கிப் போடமாட்டாள். முன்பக்கம் கெட்டுப்போனால் என்ன, பின்பக்கம் வெள்ளையாகத்தானே இருக்கிறது? பெட்டியில் போட்டு வைப்பாள். அப்படி ஒன்பது பெட்டி சேர்ந்திருந்தது.

அந்தக் கடைக்கு ஒரு சட்டம் உண்டு. யார் காகிதத்தையும் படிக்கக் கூடாது. கடை திறந்த புதிதில் ஒரு பெண்ணின் விவாகரத்துக் காகிதத்தைப் படித்துவிட்டு, "அடப் பாவமே" என்று சொல்லித் தொலைத்தாள். அந்தப் பெண் மீதிச் சில்லறைகூட வாங்காமல் போனவள்தான், அப்புறம் அந்தப் பக்கமே திரும்பவில்லை. அன்றிலிருந்து அக்காவின் கண் எழுத்தைப் பார்ப்பதில்லை, ஓரத்தை மட்டும்தான் பார்க்கும். ஓரம் நேராக இருக்கிறதா, கையெழுத்து வெட்டுப்படாமல் விழுந்திருக்கிறதா, முடிந்தது. பிறப்புச் சான்றிதழும் இறப்புச் சான்றிதழும் அவளுக்கு ஒரே அளவுக் காகிதம்.

கடையிலிருந்து இருபது வாசல் தள்ளி அவள் வீடு. தெரு நெடுக இரண்டு பக்கமும் கால்வாய், இடுப்பளவு ஆழம். ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு சிமெண்ட் கல் மூடியாக இருந்தது ஒரு காலம். நகராட்சித் தண்ணீர் லாரி ஓரம் கட்டி ஓரம் கட்டியே எல்லாவற்றையும் பிஸ்கட் மாதிரி நொறுக்கிவிட்டது. அக்கா வீட்டுக் கல் மட்டும் விரிசலோடு ரெண்டு வருஷம் நின்றது, மாற்றச் சொல்லி அவளும் மனு மேல் மனு கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் அவள் புருஷன் அதன் மேல் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தபோது போய்விட்டது. பிரஷ் ரோட்டில் விழுந்தது. ஆள் உள்ளே விழுந்தார்.

முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர் அவர். தெருவே டிரைவர் என்றுதான் கூப்பிடும். மலைப்பாதையில் ஒரு கீறல் விழாமல் ஓட்டிய மனுஷன் சொந்த வாசலில் தொடை எலும்பை உடைத்துக்கொண்டார். காலுக்குள் ஒரு கம்பி, கைக்கு இரண்டு ஊன்றுகோல், வாசலுக்கு ஒரு பலகை. பலகை அக்காவின் காலுக்குப் போதும், ஊன்றுகோலுக்குப் போதாது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் மூன்று பேர் நாற்காலியோடு தூக்குவார்கள். கடைசித் தடவை பலகையின் நடுவில் ஒருத்தனுக்குத் தும்மல் வந்தது. அதோடு டிரைவர், "இனிமே நான் வரல. எலும்பு கூடுனா கூடட்டும், கூடலன்னா போகட்டும்" என்று முடித்துவிட்டார். பதினாலு மாசமாக ஜன்னல் கம்பிக்கு உள்பக்கம்தான் அவருக்கு ஊர்.

தினமும் காலையில் அக்கா கடைக்குக் கிளம்பும்போது கேட்பாள்.

"என்ன வேணும்?"

"கல்லு."

"வேற?"

"வேற ஒண்ணும் வேணாம்."

"கிடைச்சா வாங்கிட்டு வரேன்."

அதற்குமேல் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

கவுன்சிலருக்கு ஜனங்கள் வைத்த பேர் ரிப்பன். எதைக் கண்டாலும் குறுக்கே ரிப்பன் கட்டி வெட்டுவார். புதுக் குழாய்க்கு வெட்டினார். பெஞ்சுக்கு வெட்டினார். அதே பெஞ்சுக்கு வேற பெயிண்ட் அடித்தபோது மறுபடி வெட்டினார். போன வருஷம் தெருமுனையில் 'வளர்ச்சி வளைவு' ஒன்று கட்டி, உச்சியில் தன் முகத்தைப் பதித்துக்கொண்டார். வளைவில் ஒரு சின்னக் குறைதான். லாரி எதுவும் அதற்குள் நுழையாது. அன்றிலிருந்து குப்பை தெருவுக்குள்ளேயே நிரந்தரமாகக் குடியிருக்கிறது. வளைவுச் செலவுக்கு வரியை ஏற்றினார்கள். ஜனங்கள் திட்டிக்கொண்டே கட்டினார்கள். கட்டிவிட்டு வளைவுக்குக் கீழே பல்லைக் காட்டி போட்டோவும் எடுத்துக்கொண்டார்கள். இந்த மாதிரி ஜனங்களுக்கு இந்த மாதிரி கவுன்சிலர், அளவெடுத்துத் தைத்த மாதிரி.

கல்லுக்காக அக்கா கொடுத்தது பதினேழு மனு. பதினேழாவதை வாங்கிய ரிப்பன் அதை விசிறிக்கொண்டே சொன்னார்.

"ஏம்மா, உன் ஒரு வீட்டுக் கல்லுக்கு மொத்த நகராட்சியும் ஓடி வரணுமா? எல்லாம் பரிசீலனையில இருக்கு."

"மூணு வருஷமா அங்கயே இருக்கு சார். கால் மரத்துப் போயிருக்கும், கொஞ்சம் எழுப்பி விடுங்க."

பக்கத்திலிருந்த இரண்டு பேர் கிளுக்கென்று சிரித்துவிட்டார்கள். ரிப்பன் முகம் சுருங்கியது.

"அவ்வளவு அவசரம்னா நீயே கவுன்சிலராகிப் போட்டுக்கோயேன். யாரு வேணாம்னா?"

"சரி சார்," என்றாள் அக்கா.

கவுன்சிலர் தேர்தலுக்கு வேட்புமனு கொடுக்க நாலு நாள் பாக்கி இருந்தது. மூன்றாம் நாளே கொடுத்துவிட்டாள்.

டிரைவர் கேட்டார், "அடியே, நிஜமாவா? தோத்துட்டா?"

"இப்ப என்ன ஜெயிச்சுட்டா உக்காந்திருக்கோம்?"

 டிரைவர் ஊன்றுகோலை எடுத்து ரப்பர் முனையைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார்.

ஓட்டுக் கேட்கப் போனபோதுதான் அக்காவுக்கு ஜனங்கள் மேல் இருந்த கொஞ்சநஞ்ச மதிப்பும் கரைந்தது. அவள் சொன்னது ஒன்றே ஒன்று. வாங்கின வரி எவ்வளவு, செஞ்ச வேலை எது, செஞ்சவன் யாரு, மாசா மாசம் எழுதிக் கடை வாசலில் ஒட்டுவேன், யார் வேண்டுமானாலும் பார்த்துக் கேள்வி கேட்கலாம். எல்லோரும் தலையாட்டினார்கள். மாடிவீட்டுக்காரர் ஒருத்தர், மூணு மாடிக்குச் சொந்தக்காரர், உணர்ச்சிவசப்பட்டே போனார்.

"கேக்கணும்மா! நம்ம வரி எங்க போகுதுன்னு நாக்கைப் புடுங்குற மாதிரி கேக்கணும்!" பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்படியே எங்க வீட்டுக்கு மட்டும் வரியைக் கொஞ்சம் கம்மி பண்ண முடியுமா?"

அக்கா கும்பிட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். அடுத்த வீட்டிலும் அதே பேச்சு, மாடிதான் ஒன்று குறைவு.

கூட நடந்த ஒரே ஆள் பக்கத்துக் கடைத் தையல்காரர். "கவலைப்படாதீங்கக்கா, நம்ம கடை வரிசை முழுக்க உங்க பின்னாடி" என்பார். வரிசையில் இருந்ததே ரெண்டு கடை.

அடுத்தது நோட்டீஸ். எண்ணூறு தாள் வேண்டும். புதுத்தாள் வாங்குவதா, அதுவும் ஒன்பது பெட்டி வெள்ளைப் பின்பக்கத்தைக் கடையில் வைத்துக்கொண்டா? சிக்கனமாக இருக்கிற நகராட்சி வேண்டும் என்று கேட்கிறவள் முதலில் தானே சிக்கனமாக இருந்து காட்டினாள். பெட்டியைத் திறந்தாள். வெள்ளைப் பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கி மெஷினுக்கு ஊட்டினாள். ஓரம் நேராக இருக்கிறதா என்று பார்த்தாள். நேராகத்தான் இருந்தது. அடிப்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று திருப்பிப் பார்க்கத் தோன்றவே இல்லை. பதினோரு வருஷமாகப் பார்க்காத கண், தேர்தலுக்காகத் திடீரென்று பார்க்குமா?

காலையில் அறுநூறு நோட்டீஸ் தெருவுக்குப் போனது. மீதி இருநூறை மடித்து வைக்கச் சொல்லி டிரைவரிடம் கொடுத்திருந்தாள்.

மதியத்துக்குள் தெரு கொதித்தது. நோட்டீஸின் முன்பக்கம் ஊழல் ஒழிய வேண்டும் என்றது. பின்பக்கம் ஊரின் மானத்தையே ஒழித்துக்கொண்டிருந்தது. யார் வீட்டுத் தண்ணீர் யார் சுவரில் ஒழுகுகிறது, அதற்கு யார் மேல் யார் மொட்டைக் கடுதாசி போட்டது, எல்லாம் கோணலாக, ஆனால் தெளிவாக. மாடிவீட்டுக்காரர் வரி இலாகாவுக்கு எழுதிய கடிதம் எதிர்வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. தன் வீடு ஒரே ஒரு தளம்தான், மேலே உள்ள இரண்டும் பழைய சாமான் போட்டு வைக்கும் பரண் என்று அதில் எழுதியிருந்தார். பரணில் அவருடைய இரண்டு மகன்களும் குடும்பத்தோடு இருந்தார்கள்.

கடை வாசலில் முப்பது பேர் நின்றார்கள்.

"என் லெட்டர் எப்படிம்மா ஊருக்கு வந்துச்சு?"

"நீயெல்லாம் கவுன்சிலரானா எங்க படுக்கையறையையும் ஜெராக்ஸ் எடுப்ப!"

"பரண்ல இருக்கிற சாமான்லாம் சௌக்கியமா?" என்று யாரோ பின்னாலிருந்து மாடிவீட்டுக்காரரைக் கேட்டார்கள். அதற்கொரு தள்ளுமுள்ளு.

தையல்காரர் கையிலும் ஒரு நோட்டீஸ். அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார். அக்கா கையை நீட்டி வாங்கித் திருப்பினாள். அவரே நகராட்சிக்கு எழுதியது: பக்கத்துக் கடை ஜெராக்ஸ் மெஷின் சத்தத்தால் என் காது கெடுகிறது, அந்தக் கடையை மூட வேண்டும். அதை எடுத்துக்கொண்டு வந்து, அவள் கடையிலேயே, அவள் கையாலேயே ரெண்டு காப்பி போட்டுக்கொண்டு போயிருக்கிறார்.

"அது பழசுக்கா," என்றார் தையல்காரர்.

"சத்தம் இப்பக் கம்மியாயிடுச்சா தம்பி?"

அவர் மெல்லக் கூட்டத்துக்குள் நழுவினார்.

அக்கா முப்பது பேரையும் பார்த்துச் சொன்னாள், "தப்பு என்னுதுதான். திருப்பிப் பாக்கல. வீட்டு விஷயத்தை வெளிய விட்டது மன்னிக்கக் கூடாத தப்பு. எல்லாத்தையும் திருப்பிக் கொடுங்க, இப்பவே கிழிச்சுப் போடறேன்."

ஒவ்வொருத்தரும் தன்னுடையதை மட்டும் கொடுக்கத் தயார். மற்றவருடையதைக் கொடுக்க யாருக்கும் மனசு வரவில்லை.

சாயங்காலம் தலை தொங்கி வீட்டுக்கு வந்தாள். பலகையில் கால் வைக்கும்போதே ஜன்னலிலிருந்து டிரைவர் குரல்.

"பாத்து வா. கல்லு வழுக்கப் போகுது."

"எந்தக் கல்லு? எனக்கு இருக்கிற எரிச்சல்ல நீங்க வேற!"

"அடியே, நம்ம வாசல்ல கல் போட்டாச்சாம்டி. ரெண்டு வருஷம் ஆச்சாம். உனக்குத் தெரியாதா?"

ஒரு தாளை ஜன்னல் வழியாக நீட்டினார். மடிக்கக் கொடுத்த இருநூறில் ஒன்று. கடைக்குச் சட்டம் உண்டு, டிரைவருக்கு என்ன சட்டம்? பதினாலு மாசமாக எதைக் கண்டாலும் படிக்கிற மனுஷன். தீப்பெட்டியையும் படிப்பார். இரண்டு பக்கமும் படித்திருக்கிறார்.

நகராட்சியின் பணி நிறைவுச் சான்றிதழ். வீட்டு எண் ஒன்று முதல் நாற்பத்தாறு வரை கால்வாய் மூடிக் கற்கள், நாற்பத்தாறு எண்ணிக்கை, நல்ல முறையில் பொருத்தப்பட்டன. நேரில் பார்த்து உறுதி செய்தவர் என்று கீழே ரிப்பனின் கையெழுத்து. வெட்டுப்படாமல் முழுசாக விழுந்திருந்தது.

அக்காவுக்கு நினைவு வந்துவிட்டது. மழை நாள். ரிப்பன் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "சீக்கிரம்மா, மூணு காப்பி" என்றார். மெஷின் ஒன்றைக் கடித்துத் துப்பியது. அவள் அதைப் பெட்டியில் போட்டுவிட்டு மறுபடி எடுத்துக் கொடுத்தாள். அன்றைக்குத்தான் ஏழாவது மனுவோ எட்டாவதோ எழுதி மேஜையில் வைத்திருந்தாள். கேட்ட கல்லுக்கான பதிலைத் தன் கையிலேயே பிடித்து, ஓரம் நேராக இருக்கிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறாள். ஊர் ஜனங்களை மட்டம் தட்டிக்கொண்டே இருந்தவளுக்கு அன்றைக்கு முதல் தடவையாகத் தன் மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

"பதினோரு வருஷம் எவ்வளவு பெரிய கழுதையா இருந்திருக்கேன்," என்றாள்.

"கழுதைகூட காகிதத்தை மென்னு பாக்கும்," என்றார் டிரைவர்.

மறுநாள் காலையில் அந்தத் தாளைத் தையல்காரரிடம் காட்டினாள். அவர் வாயில் விழுந்தது பத்து மணிக்குள் ரிப்பன் காதில் விழுந்தது. ஆள் நேராக அவள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, வெள்ளைச் செருப்பு. கால்வாய்க்கு அந்தப் பக்கம் நின்று பலகையைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"வாங்க சார்," என்றாள் அக்கா. "கல்லு போட்டிருக்கே, தாராளமா நடந்து வாங்க."

ரிப்பன் வரவில்லை. அங்கிருந்தே குழைந்தார். "என்னம்மா, நமக்குள்ள என்ன? அந்தப் பேப்பரைக் கொடுத்துடு. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள உன் வாசல்ல கல்லு. நானே நின்னு போடறேன். பாவம், மனுஷன் எத்தனை நாளா உள்ளயே இருக்காரு."

அந்தக் கடைசி வார்த்தை அக்காவைக் குத்திவிட்டது. மூன்று வருஷம் கேட்ட கல். ஒரு காகிதத்துக்கு ஒரு கல். அவள் உள்ளே போனாள். டிரைவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"என்ன சொல்லட்டும்?"

"போடச் சொல்லு," என்றார் அவர், யோசிக்காமலே.

"நிஜமாவா?"

"ஆமா. கடை வாசல்லயும் ஒண்ணு கேளு. இங்க ஏறி அங்க விழவா? முடிவெட்டுற கடை வாசல்ல ஒண்ணு, தலையைப் பாரு, கரடி மாதிரி இருக்கு. அப்புறம் அந்த நீல கேட் வீடு. அவன் ஆஸ்பத்திரியில இருந்து வந்து ரெண்டு மாசம் ஆச்சு, நான் இன்னும் போய்ப் பாக்கல. கண்டக்டர் வீட்டு வாசல்ல ஒண்ணு. அவனோட சீட்டு ஆட்டம் பாதியில நிக்குது..."

விரல் மடக்கிக்கொண்டே போனார். இரண்டு கை விரலும் தீர்ந்து மறுபடி ஆரம்பித்தார். எந்த வீட்டில் எத்தனை படி, எந்த வாசலில் நிழல், எங்கே உட்கார்ந்து மூச்சு வாங்கலாம், எல்லாம் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தே போட்டு வைத்த ரூட். அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த மனுஷன் பதினாலு மாசமாகத் தினமும் தெரு முழுக்கப் போய்வந்திருக்கிறார், ஒருதடவைகூட அவளிடம் சொன்னதில்லை.

வெளியே வந்தாள். "நாற்பத்தாறு சார்."

"என்னது?"

"நாற்பத்தாறு கல்லு. நீங்க கையெழுத்துப் போட்டது அவ்வளவுதானே? அதுக்கு மேல ஒண்ணும் கேக்கல."

"பேராசைம்மா உனக்கு," என்றார் ரிப்பன். செருப்பில் சேறு படாமல் திரும்பிப் போனார்.

அக்கா கடைக்குப் போய் அன்றைக்குப் புதுத்தாளைப் பிரித்தாள். சான்றிதழைக் கண்ணாடியில் கவிழ்ப்பதற்கு முன்னால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாள். தேதியைப் படித்தாள், முத்திரையைப் படித்தாள். நாற்பத்தேழு காப்பி. நாற்பத்தாறை வாசல் வாசலாக ஒட்டினாள். ஒவ்வொன்றின் அடியிலும் பேனாவால் ஒரு வரி: 'உங்கள் வாசலில் கல் போட்டாகிவிட்டது. பார்த்து நடக்கவும்.' நாற்பத்தேழாவதைத் தலைமை அலுவலக இன்ஜினியருக்கு நேரில் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கினாள்.

திங்கட்கிழமை நேரில் வந்து எண்ணிப் பார்ப்பதாக இன்ஜினியர் சொல்லிவிட்டார். தேர்தல் ஞாயிற்றுக்கிழமை. போடாத கல்லுக்குப் பணம் வாங்கியிருந்த காண்ட்ராக்டருக்கு, அதற்குள் நாற்பத்தாறும் உட்கார்ந்தாக வேண்டும். வெள்ளிக்கிழமை விடியற்காலையிலேயே கல் லாரி வந்து நின்றது, வளைவுக்கு வெளியே. உள்ளே நுழையவில்லை. ஆட்களை வைத்துத் தூக்கினால் நாலு நாள் ஆகும். காண்ட்ராக்டர் அரை நிமிஷம்தான் யோசித்தார். "இடிங்கடா" என்றார். அரைமணி நேரத்தில் வளைவு சாய்ந்தது. ரிப்பனின் சிரிப்பு மட்டும் உடையாமல் குப்பைமேட்டில் மல்லாக்கக் கிடந்தது. லாரி அதைத் தாண்டிப் போனது.

சாயங்காலத்துக்குள் நாற்பத்தாறும் உட்கார்ந்துவிட்டன. ரிப்பன் சும்மா இருப்பாரா? போட்டோக்காரரோடு வந்தார். அக்கா வீட்டுக் கல்லுக்குக் குறுக்கேதான் சிவப்பு ரிப்பனைக் கட்டினார், அங்கேதான் வெளிச்சம் நன்றாக விழுகிறதாம். கூட்டம் கூடியது. கை தட்டத் தயாராக மாடிவீட்டுக்காரர் முன் வரிசையில்.

கதவு திறந்தது. டிரைவர் வந்தார். சலவைச் சட்டை, இரண்டு ஊன்றுகோல், துடைத்த ரப்பர் முனை.

"ஒரு நிமிஷம் இருங்க, வெட்டிடறேன்," என்றார் ரிப்பன், கத்தரிக்கோலைத் தூக்கிக்கொண்டு.

"நீங்க மெதுவா வெட்டுங்க," என்றார் டிரைவர். "எனக்கு ரூட் நேரமாச்சு."

நிற்கவில்லை. ஊன்றுகோல் ரிப்பனில் மாட்டி, முடிச்சு அவிழ்ந்து, சிவப்பாக அவர் பின்னாலேயே போனது. இருபது வாசல் தூரம். இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார், ஏற்கனவே குறித்து வைத்த நிழலில். கடை வாசலில் நின்றிருந்த அக்காவுக்கு அவர் வருவது தெரிந்தது. பசை டப்பாவை எடுத்து மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள்.

"ஏங்க, வழியெல்லாம் எதை இழுத்துட்டு வரீங்க? அதை எடுத்துத் தொலைங்க," என்றாள்.  உடனே மெஷினைப் போட்டுவிட்டாள், சத்தத்துக்கு.

ஞாயிற்றுக்கிழமை ஜனங்கள் புதுக் கல்லின் மேல் நடந்து போய் ஓட்டுப் போட்டார்கள். ரிப்பன் ஜெயித்தார். அக்காவுக்கு நூற்றுமுப்பத்தொன்று. கல்லைப் போட்டவருக்குத்தானே ஓட்டுப் போட வேண்டும், அதுதானே நியாயம் என்று மாடிவீட்டுக்காரர் எல்லோரிடமும் சொன்னார். இந்த வார்டைப் பற்றி அக்காவின் தீர்ப்பில் மாற்றம் எதுவும் இல்லை.

கடைச் சட்டத்தில்தான் மாற்றம். வீட்டுக் காகிதம் என்றால் இன்னமும் அவள் ஓரத்தை மட்டும்தான் பார்ப்பாள். நகராட்சி முத்திரை இருந்தால் அது ஸ்டூலுக்குப் போகும். ஸ்டூலில் முடி வெட்டிய தலையோடு, மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு டிரைவர்.

புதன்கிழமை ரிப்பன் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தார். போன் காதில்தான் இருந்தது. "சீக்கிரம்மா, மூணு காப்பி."

அக்கா கட்டை வாங்கி ஸ்டூல் பக்கம் நீட்டினாள். டிரைவர் முதல் தாளை எடுத்து வாசல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"உக்காருங்க சார்," என்றார். "நான் கொஞ்சம் மெதுவாத்தான் படிப்பேன்."